மூணும் ஒண்ணுதான்

பால் பாத்திரம் கரியாகிப் போனதோடு போன வாரம் அண்ணியை அடுப்படியில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவள் இன்னும் அதே பாத்திரத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டால் மேற்கொண்டு நடக்கலாம்.

அண்ணிக்கு ஒரு சாக்லேட் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை. "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. பத்தொன்பது வருடமாக அங்கே அவள் சரி என்றால்தான் ஒரு புதுப் பண்டம் கடைக்குப் போகும். கம்பெனியில் அவளுக்கு 'நாக்கு மேடம்' என்றே பெயர்.

அந்த நாக்கு மேடத்துக்கு மூன்று வாரத்துக்கு முன் ஜலதோஷம் பிடித்தது. போகும்போது அது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு போனால் ருசியில் முக்கால்வாசி போச்சு என்று அர்த்தம். இனிப்பா உப்பா என்பதை நாக்கு சொல்லிவிடும். வனிலாவா வெண்ணெயா என்று மூக்கல்லவா சொல்ல வேண்டும்? "தானா வந்துடும், வாரமும் ஆகலாம், மாசமும் ஆகலாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இதை அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான புருஷனிடமும் சொல்லவில்லை. ஹால் சோபாவில் எட்டு மாதமாகப் படுத்து எழுந்திருக்கும் நாத்தனாரிடமும் சொல்லவில்லை. அந்த நாத்தனாருக்கு முப்பத்தொரு வயது. இருந்தும் வீட்டிலும் வெளியிலும் அவள் பெயர் இன்னமும் வாண்டுதான்.

பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, வீடு முழுக்கப் புகையாகும் வரை அண்ணி அடுப்புக்கு அரை அடி தள்ளி நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்ததுதான் போன வாரக் கதை. 'ஏதோ யோசனையில இருந்துட்டேன்' என்று சமாளித்துவிட்டாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்றும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, தேய்க்கிற தேய்ப்புல பாத்திரம் ஓட்டையாயிடப் போகுது. வெச்சிட்டு வாங்க, பஸ் போயிடும்" என்றாள் வாண்டு. அவளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. புதுப் பண்டங்களைச் செய்து பார்க்கும் சமையல்கூடத்தில் மூன்று மாதம் தற்காலிகம். வருகிற வெள்ளிக்கிழமையோடு அந்த மூன்று மாதம் முடிகிறது.

"இன்னிக்கு எத்தனை?" என்று கேட்டாள் அண்ணி.

"நாலு. எல்லாமே ஐஸ்கிரீம் மாதிரி சாக்லேட். சாக்கோபார், சாண்ட்விச், ரெட்டைக் கலர் கப். இந்த மூணும் மாஸ்டர் செஞ்சது. கடைசியா கோன் நுனி."

கோன் ஐஸ்கிரீமை எல்லாரும் மேலிருந்து சாப்பிட்டுக்கொண்டே வந்தாலும், மனசெல்லாம் அடியில் தங்கியிருக்கும் அந்தக் கட்டிச் சாக்லேட் மேல்தான் இருக்கும். அந்த நுனியை மட்டும் தனியாகச் செய்து விற்றால் என்ன என்று கேட்டவள் வாண்டுதான். "நல்ல யோசனை" என்று சொல்லி, சமையல்கூடத் தலைமை மாஸ்டரும் தன் பங்குக்கு ஒரு நுனி செய்துவிட்டார். இருவர் நுனியில் எது கடைக்குப் போவது என்று இன்றைக்கு முடிவாகும்.

"கோன் நுனி தேறினா எனக்கு வேலை நிரந்தரம் அண்ணி. வீடு பார்த்துட்டுப் போயிடுவேன். தேறலைன்னா சோபா சாசுவதம்."

"கிண்ணத்துல எந்த நம்பர் உன்னோடதுன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லித் தொலைக்காதே."

"சொல்வேனா? அப்புறம் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கணக்கு முடிச்சிடுவாங்க."

கையில் ஸ்க்ரூடிரைவரோடு மெக்கானிக் உள்ளே வந்தார். "அவ ஏன் உன்கிட்ட நம்பர் கேக்கணும்? கண்ணைக் கட்டி விட்டாலும் எது உன் கைன்னு சொல்லிடுவா என் பொண்டாட்டி. நேத்துகூட ஒரு கஸ்டமர் வீட்டுல சொல்லிட்டு வந்தேன், எங்க வீட்ல ஒரு நாக்கு இருக்கு, அது லேபாரட்டரின்னு."

அண்ணி பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் பையைத் தேடினாள். மூன்று வாரமாக இந்த மனிதர் பெருமை பேசும்போதெல்லாம் அவள் இப்படித்தான் ஏதாவது ஒரு வேலையைத் தேடிக்கொள்கிறாள்.

வெளியே வரும்போது வாண்டு அவள் தோளைத் தொட்டாள். "அண்ணி, இன்னிக்கு நீங்க எதுக்கும் பயப்படாதீங்க."

"நான் எதுக்குடி பயப்படணும்? நீதான் பயப்படணும்" என்றாள் அண்ணி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிபடவே இல்லை.

* * *

ருசி பார்க்கும் இடம் மூன்றாவது மாடியில் இருந்தது. குளியலறை அகலத்துக்கு ஐந்து தடுப்பறைகள். ஆளுக்கு ஒன்று. முன்னால் ஒரு சின்னக் கதவு. அதைத் தூக்கி அந்தப் பக்கத்திலிருந்து தட்டை நீட்டுவார்கள். மேலே சிவப்பு விளக்கு எரியும். பண்டத்தின் நிறம் தெரிந்துவிட்டால் கண் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. வெதுவெதுப்பான தண்ணீர், உப்பும் இல்லாத இனிப்பும் இல்லாத பிஸ்கெட், துப்புவதற்கு ஒரு கப், பென்சில், ஒரு தாள். பேச்சுக்கு இடமே இல்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேலாளர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எந்நேரமும் அதையே பார்ப்பதால் அவர் பெயரே கடிகாரம்.

"தட்டு அடுக்கற பொண்ணு லீவு. வேற ஆள் இல்ல" என்று சலித்துக்கொண்டார். "வாண்டுவையே அடுக்கச் சொல்லிட்டேன். செஞ்சவங்களே அடுக்கக் கூடாதுதான். என்ன பண்றது? நம்பர் போட்டாச்சு, எது யாரோடதுன்னு விடைத்தாள்ல எழுதிடுவா, ஒண்ணும் ஆயிடாது."

'ஒண்ணும் ஆயிடாது' என்று சொல்லி ஆரம்பித்த எந்தக் காரியம் உருப்பட்டிருக்கிறது, சொல்லுங்கள்.

அண்ணி ஐந்தாவது அறையில் போய் உட்கார்ந்தாள். முதல் தட்டு வந்தது. சாக்கோபார் மாதிரிச் செய்த விரல் நீளத் துண்டு. மேலோடு படக்கென்று உடைந்தது. உள்ளே மெத்தென்று வெள்ளை. இனிப்பு. அவ்வளவுதான். அதற்குமேல் வாய்க்குள் ஒரு தகவலும் இல்லை.

பக்கத்து அறையில் பேக்கிங் பிரிவு மீசைக்காரர் 'ம்ம்ம்' என்று உருகுவது கேட்டது. அண்ணிக்கு அழுகை வந்தது. எதற்கு இவர் ம்ம்ம் என்கிறார்? வனிலாவுக்கா? பாலுக்கா? அல்லது இவரும் சும்மா சொல்கிறாரா?

மூன்று வாரமாகப் பற்களை வைத்து ஒப்பேற்றியிருந்தாள். உடையும் சத்தம், கரையும் நேரம், அண்ணத்தில் ஒட்டுகிறதா இல்லையா, இதையெல்லாம் வைத்துப் பழைய அனுபவத்தில் நாலு வார்த்தை எழுதிவிடுவாள். இன்றைக்கும் அப்படியே எழுதினாள். சாண்ட்விச்சில் பிஸ்கெட் பதம் போதாது. ரெட்டைக் கலர் கப்பில் ஒரு பாதி சீக்கிரம் கரைகிறது, மறுபாதி மெதுவாகக் கரைகிறது. மூன்றையும் முடித்த பிறகு பென்சில் தானாக இன்னொரு வரி எழுதியது: 'மூன்றுமே வாயில் குளிரவில்லை. குளிராதது எப்படி ஐஸ்கிரீம் ஆகும்?' எழுதியதை அவளே விநோதமாகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வரி அவள் எழுதியதே இல்லை.

கடைசியில் கோன் நுனி வந்தது.

இதற்கு முறை வேறு. ஒரே தட்டில் மூன்று காகிதக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நுனி. மூன்றில் இரண்டு ஒருவர் செய்தது, ஒன்று மட்டும் இன்னொருவர் செய்தது. தனியாக நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அது மற்றதைவிட மேலா கீழா என்று எழுத வேண்டும். ஐந்து பேர் எழுதுவதில் மற்ற நால்வர் கருத்துக்கு இருக்கும் எடை நாக்கு மேடம் ஒருத்தியின் கருத்துக்கு உண்டு. அது ஊரறிந்த விஷயம்.

அண்ணிக்கு இதில் ஒரு தைரியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாண்டு வீட்டுச் சமையலறையில் நுனியில் கலக்கும் வேஃபரை வறுத்து, உருட்டுக்கட்டையால் நொறுக்கும் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். வாண்டு நொறுக்குவது கொஞ்சம் பெருவெட்டு. மாஸ்டர் எதையும் மாவாக்காமல் விடமாட்டார். ருசி தெரியாவிட்டால் என்ன, பல்லுக்கு நொறுக்கல் தெரியாதா?

முதல் கிண்ணம். கடித்தாள். நொறுநொறு.

இரண்டாவது. நொறுநொறு.

அப்படியானால் மூன்றாவதுதான் தனி என்று நிம்மதியாகக் கடித்தாள். அதுவும் நொறுநொறு.

தண்ணீர் குடித்தாள். பிஸ்கெட்டைக் கடித்தாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள். வலது பக்கப் பல், இடது பக்கப் பல், முன்பல் என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூன்றும் ஒரே மாதிரி உடைந்து, ஒரே மாதிரி கரைந்து, ஒரே மாதிரி தொண்டைக்குள் போயின.

'மூக்கு போச்சு, அதோட நாக்கு போச்சு. இப்பப் பல்லும் போச்சா?' அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. முதலாவதில் துளி உப்புக் கரித்ததோ? இரண்டாவதிலும் கரித்ததே! மூன்றாவதில் கரிக்கவில்லையா, இல்லை கரித்துக் கரித்து மரத்துவிட்டதா?

பென்சிலை எடுத்தாள். மூன்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எழுதலாம். இந்த மூன்று வாரத்தில் அதைச் செய்யாமலா இருந்தாள்? எழுதி, 'இது கீழ்' என்று போட்டு, அது வாண்டு செய்ததாக இருந்துவிட்டால்? எட்டு மாதம் சோபாவில் முதுகு வலியோடு படுத்து, ஞாயிறு தோறும் வேஃபர் நொறுக்கிய பெண்ணின் வேலையை ஒரு பென்சில் கிறுக்கலில் முடித்ததாகாதா? 'மேல்' என்று போட்டு அது மாஸ்டருடையதாகிவிட்டாலும் அதே கதிதான்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கை வரவில்லை. சின்னக் கதவுக்கு அந்தப் பக்கம் வாண்டுவின் செருப்புச் சத்தம் இரண்டு முறை வந்து நின்றது, போனது. அண்ணி பெரிய எழுத்தில் எழுதினாள்: 'மூன்றும் ஒன்றுதான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.'

தாளைக் கதவு வழியாகத் தள்ளிவிட்டதும் மனசு லேசாக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, இது தன் பென்சிலால் கெட்ட கதை என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

பத்து நிமிடம் கழித்து எல்லாரையும் வெள்ளை வெளிச்சமுள்ள கூடத்துக்கு அழைத்தார் கடிகாரம். கையில் ஐந்து தாள்கள். இன்னொரு கையில் விடைத்தாள்.

"நாலு பேர் தனியானதைச் சொல்லியிருக்கீங்க. அதுல மூணு பேர் சரி" என்றார். மீசைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். "நாக்கு மேடம் மட்டும்..." என்று நிறுத்தி அண்ணியைப் பார்த்தார். "மூணும் ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார்" என்றாள் அண்ணி. காது மடல் சுட்டது. பத்தொன்பது வருடம் இந்த நிமிடத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

"அஞ்சாவது அறைக்கு விடை என்ன, வாண்டு? இங்க காலியா இருக்கே?"

வாண்டுவின் முகம் வெளுத்திருந்தது. கையில் பேனா திறந்தபடியே இருந்தது.

கடிகாரம் ஐந்தாவது அறைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். அண்ணி பாதி கடித்து வைத்த மூன்று நுனிகளையும் கத்தியால் பிளந்து வெள்ளை வெளிச்சத்தில் வைத்தார். மாஸ்டர் வேஃபரை வறுக்க மாட்டார், அது வெளுத்திருக்கும். வாண்டு வறுப்பாள், அது சிவந்திருக்கும். மூன்று துண்டுகளும் ஒரே மாதிரி சிவந்திருந்தன.

"அடேங்கப்பா!" என்றார் கடிகாரம். "மூணும் ஒண்ணுதான்!"

அண்ணிக்குக் காது அடைத்தது. என்ன சொல்கிறார் இவர்?

"நாக்குன்னா இது நாக்கு! வேற யாரா இருந்தாலும் ஏதாவது ஒண்ணைத் தனின்னு சொல்லியிருப்பாங்க. மூணுல ஒண்ணு தனியா இருக்கும்னு நாம சொல்லியே குடுத்திருக்கோம், அப்பவும் இல்லைன்னு எழுதறதுக்கு ஒரு தில் வேணும்."

மீசைக்காரர் கைதட்டினார். அடுத்து எல்லாரும் தட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல அண்ணி நடுவில் நின்றாள். ஒன்றுமே தெரியாமல் எழுதியது எப்படிச் சரியாக முடியும்? அப்படியானால் தெரிந்தே எழுதினாளா? பல்லுக்குத் தெரிந்திருக்கிறதா? அவளுக்கே தன்னைப் புரியவில்லை.

கைதட்டல் அடங்கியதும் கடிகாரம் வாண்டுவின் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது.

"இதுல மூணும் உங்க பீஸ். மத்த நாலு தட்டும் சரியா இருக்கு. மேடத்தோட தட்டுல மட்டும் மூணும் உங்களோடது, விடையும் எழுதல. அவங்க எதை நல்லாருக்குன்னு சொன்னாலும் அது உங்களோடதா இருக்கணும், அதுதானே கணக்கு?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

வாண்டு தரையைப் பார்த்தாள். மாஸ்டர் வாசல் ஓரம் நின்று 'ச்சு' என்றார்.

"நாலு மணிக்குள்ள காரணத்தை எழுதிக் குடுங்க. காரணம் இல்லைன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார் கடிகாரம். மணி மூன்று.

* * *

பாத்திரம் கழுவும் அறையில் வாண்டு காலிக் கிண்ணங்களைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி கதவைச் சாத்தினாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே? குறுக்கு வழியில ஜெயிக்கணும்னு உனக்கு எவ சொல்லிக் குடுத்தா? உன் கைப்பக்குவத்துக்கு நேர்வழியிலயே கிடைச்சிருக்குமே!"

"விடுங்க அண்ணி."

"என்னத்தை விடறது? கேக்கறேன், பதில் சொல்லு."

வாண்டு குழாயைத் திறந்து மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பால் கருகின அன்னிக்கே எனக்குத் தெரியும் அண்ணி."

சாத்திய கதவில் அண்ணி சாய்ந்துகொண்டாள்.

"வீடு பூரா புகை. நான் மாடியிலேருந்து இருமிக்கிட்டே ஓடி வர்றேன், நீங்க அடுப்புப் பக்கத்துல நின்னு பேப்பர்ல பக்கம் திருப்பறீங்க. அதுக்கு முந்தின வாரம் கெட்டுப்போன பாலை எடுத்துக் காபி போட்டுக் குடிச்சீங்க, பார்த்தேன். இன்னிக்குத் தட்டு அடுக்கற வேலை என்கிட்ட வந்ததும் தோணிச்சு, மூணும் ஒண்ணா வெச்சிட்டா நீங்க எதைச் சொன்னாலும் அதையே விடைன்னு எழுதிடலாம்னு. உங்க தாள் வந்ததும் நிரப்பிக்கலாம்னு காலியா விட்டேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீங்க தப்பாச் சொல்ல வழியே இல்லாம பண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"அடிப்பாவி."

"நீங்க என்னடான்னா, மூணும் ஒண்ணுன்னு எழுதித் தள்ளிட்டீங்க! எதை விடைன்னு நான் எழுதறது? பேனாவைத் திறந்து வெச்சிக்கிட்டு முழிக்கிறேன், அதுக்குள்ள சார் வந்து தாளைப் பிடுங்கிட்டார்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே இரண்டு பேர் தனித்தனியாகப் பிள்ளையார் பிடித்திருக்கிறார்கள். வாண்டுவின் வேலை போகக் கூடாது என்று அண்ணி பென்சிலை அடக்கினாள். அண்ணியின் வேலை போகக் கூடாது என்று வாண்டு கிண்ணத்தை நிரப்பினாள். ஒருவருக்கொருவர் குழி வெட்டியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வெட்டியிருக்க முடியாது.

"இதையே கடிதத்துல எழுதிக் குடு" என்றாள் அண்ணி.

"எழுதினா உங்க வேலை போயிடும்."

"எழுதலைன்னா உன் வேலை போயிடும். திருட்டுப்பட்டம் வேற."

"சோபாதான் இருக்கே" என்று சொல்லி வாண்டு சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு அழுகையாகிவிட்டது. அண்ணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அடுப்படியில் முட்டிக்கொண்டதெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

* * *

மூன்றே முக்காலுக்கு அண்ணி மேலாளர் அறைக்குள் போய், உட்காராமலே சொன்னாள்.

"சார், எனக்கு மூணு வாரமா வாசனை தெரியாது. வித்தியாசம் தெரியலைன்னு எழுதினேன் பாருங்க, அதுதான் நிஜம். வாண்டு எனக்காகத்தான் அப்படிப் பண்ணினா."

கடிகாரம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாத்தனார் பாசம். புரியுது மேடம்."

"பாசம் இல்ல சார், நிஜம்."

"வேற யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்க, நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க. உங்களுக்கா ருசி தெரியாது? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்காதீங்க." மேசைமேல் இருந்த சாக்கோபார் துண்டு ஒன்றை நகர்த்தினார். "இது என்னன்னு சொல்லுங்க."

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு யாரு வேணா சொல்லலாமே!"

அண்ணி திகைத்துப்போனாள். இத்தனை நாள் தெரியும் என்று நடித்தபோது எல்லாரும் நம்பினார்கள். தெரியாது என்று உண்மையைச் சொன்னால் நடிப்பு என்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒருத்தி எப்படித்தான் நிரூபிப்பது?

நேரம் மூன்று ஐம்பது. அவளுக்குச் சட்டென்று பூதம் ஞாபகம் வந்தது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கெட்ட வாசனையும் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்காகப் பயிற்சி அறை அலமாரியில், ஊசிப்போன வெண்ணெயை இரட்டை மூடி போட்ட குப்பியில் வைத்திருந்தார்கள். மூன்று வருடப் பழசு. அதற்குத்தான் பூதம் என்று பெயர். மூடியை விரற்கடை திறந்தால் போதும், பயிற்சிக்கு வந்தவர்கள் படிக்கட்டில் இறங்கி ஓடுவார்கள். அதைத் திறக்கிற நாளில் மாடி முழுக்கச் சாப்பாட்டு நேரத்தை மாற்றி வைப்பார்கள்.

அண்ணி போய்க் குப்பியை எடுத்து வந்தாள். மேலாளர் மேசையில் வைத்தாள்.

"மேடம், அது வேண்டாம்" என்றார் கடிகாரம். நாற்காலி பின்னால் நகர்ந்தது.

முதல் மூடியைக் கழற்றினாள். இரண்டாவதையும் கழற்றினாள்.

"ஐயோ! மூடுங்க! மூடுங்கம்மா!"

கைக்குட்டையை முகத்தில் அமுக்கிக்கொண்டு அவர் ஜன்னலுக்குப் பாய்ந்தார். வெளியே வராந்தாவில் யாரோ ஓங்கரிக்கும் சத்தம், கதவுகள் படார் படார் என்று சாத்தும் சத்தம். மீசைக்காரர் 'பூதம்! பூதம்!' என்று கத்திக்கொண்டே படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார்.

அண்ணி குப்பியை மூக்கடியில் பிடித்து நிதானமாக மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. காற்று, வெறும் காற்று. ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். வழவழப்பு, லேசான புளிப்பு. மெதுவாக மென்று, வழக்கம்போல ஓரக் கண்ணால் சுவர்க் கடிகாரத்தில் நேரம் பார்த்து, பிறகு துப்பினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது நாற்றத்தால் வந்த தண்ணீர் இல்லை. இந்த ஒன்றாவது தெரிந்துவிடாதா என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அது இப்போது போய்விட்டது.

"இப்ப நம்புறீங்களா சார்?"

"நம்புறேன்! சத்தியமா நம்புறேன்! அதை மூடுங்க முதல்ல!"

மூடினாள். கடிகாரம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே பேசினார். "நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. டைரக்டர்கிட்ட நான் சொல்லியாகணும். கோன் நுனி முடிவும் அதுவரைக்கும் நிக்கட்டும். உங்களுக்கு மூக்கு இல்லைங்கறதுக்காக அந்தப் பொண்ணு பண்ணினது சரின்னு ஆயிடாது. ஆனா திருட்டு இல்லை. அவ்வளவுதான் இப்பச் சொல்வேன்."

"போதும் சார்."

கதவைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். கடிகாரம் அவளுடைய தாளை எடுத்து, கோன் நுனிக்கு மேலே, முதல் மூன்று பண்டங்களுக்குக் கீழே எழுதியிருந்த வரியைப் படித்தார். 'மூன்றுமே வாயில் குளிரவில்லை.' மறுபடி படித்தார். பிறகு அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று அண்ணிக்கு விளங்கவில்லை; நமக்கும் அடுத்த வாரம்தான் விளங்கும்.

* * *

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டைக் கழற்றிய பிறகும் தலைமுடியிலும் கையிலும் பூதம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாறுதா?" என்று கேட்டாள் அண்ணி.

"கொஞ்சமா நாறுது? குடலைப் பிடுங்குது அண்ணி."

"எப்படி நாறுது, சொல்லேன்."

வாண்டு அவளைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒரு மூச்சு இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னாள். "நனைஞ்ச சாக்ஸை மூணு நாள் மூட்டையில கட்டி வெச்ச மாதிரி. அதுக்கு அடியில பழைய பென்சில் டப்பா மாதிரி ஒண்ணு. கடைசியா, நம்ப மாட்டீங்க, கொஞ்சூண்டு வெண்ணெய் வாசனைகூட இருக்கு."

"வெண்ணெய் இருக்கா?" என்றாள் அண்ணி.

"இருக்கு அண்ணி. தேடினா இருக்கு."

அண்ணி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். வாண்டு இன்னொரு தடவை இழுத்து, இருமி, சொன்னாள்.

அப்போது போன் அடித்தது. மெக்கானிக். மீசைக்காரர் மத்தியானமே அவருக்குப் போன் போட்டுவிட்டாராம். கைதட்டல் வரைக்கும் உள்ள செய்தி மட்டும்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"மூணும் ஒண்ணுன்னு ஒரே வார்த்தையில அடிச்சியாமே! எனக்கு அப்பவே தெரியும்! கோன் ஐஸ்கிரீம் வாங்கி ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன், புதுக் கம்பெனி. எல்லாரும் நல்லாருக்குங்கறாங்க, நான் நம்பல. என் பொண்டாட்டி சாப்பிட்டுச் சொன்னாத்தான் நம்புவேன். சீக்கிரம் வா!"

போனை வைத்த பிறகும் அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்திடம் சொல்லிவிட்டாள். நாளைக்கு டைரக்டரிடமும் சொல்லிவிடுவாள். இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"உங்க அண்ணன்கிட்ட யாருடி சொல்றது?"

"பக்கத்துல போய் நில்லுங்க. அவரே கேப்பார்" என்றாள் வாண்டு.

பஸ் வந்தது. இவர்கள் ஏறியதும் முன் வரிசை எழுந்து பின்னால் போனது, பின் வரிசை ஜன்னலைத் திறந்தது. சுற்றிலும் ஆறு இருக்கைகள் காலியாகிவிட்டன. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே அத்தனை இடம் கிடந்தும், வாண்டு வந்து அவளை ஒட்டியே உட்கார்ந்துகொண்டாள்.